யாருடைய உடலில் கண்ட உண்மை? சிகிச்சை வழிகாட்டி நெறிகளை வகுக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எந்த நோய்க்கு எந்த மருந்தை, எந்த அளவில், எந்த நிலையில் தொடங்கலாம் என்று நீங்கள் எழுதி வெளியிடும் வரிகளை மருத்துவர்கள் நாள்தோறும் பின்பற்றுகிறார்கள். நோயாளிகளோ அந்த வரிகளைக் காண்பதே இல்லை. அவற்றின் விளைவை மருந்துச் சீட்டில் மட்டுமே காண்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியலைக் கற்பித்து வரும் எனக்கு உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை உண்டு. நீங்கள் தரும் ஒவ்வொரு பரிந்துரையின் கீழும், அதற்கு ஆதாரமான ஆய்வுகளில் பெண்கள் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த வயதினர், எந்த நாட்டு மக்கள், இரு பாலாரின் முடிவுகளும் தனித்தனியே ஆராயப்பட்டனவா என்பதை எழுதுங்கள். கேட்பதற்கு இது எழுத்தர் வேலையாகத் தோன்றலாம். அது ஏன் அப்படியல்ல என்று விளக்கவே இம்மடல்.

ஆஸ்பிரினிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு 44 விழுக்காடு குறைந்ததாக 1989-இல் அறிவித்தது. அதில் ஒரு பெண்கூட இல்லை. அதே கேள்வியைப் பெண்களிடம் கேட்ட பெரிய ஆய்வு, 39,876 பேரைச் சுமார் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, 2005-இல்தான் வெளிவந்தது. அதன் முடிவு ஏறக்குறையத் தலைகீழாக இருந்தது. பெண்களிடம் மாரடைப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆண்களிடம் குறையாத பக்கவாதமோ பெண்களிடம் 17 விழுக்காடு குறைந்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் ஆண்களின் முடிவை நம்பி ஆஸ்பிரின் விழுங்கிய பெண்களுக்கு, தாங்கள் விழுங்குவது இன்னொருவர் உடலில் கண்ட உண்மை என்று சொல்ல யாரும் இருக்கவில்லை.

இந்தக் கதையைப் "பெண்ணின் உடலே வேறு" என்று அவசரமாக முடித்துவிடுவோருடனும் எனக்கு உடன்பாடில்லை. ஆண்களுக்குத் தரப்பட்டது 325 மில்லிகிராம், பெண்களுக்குத் தரப்பட்டது 100 மில்லிகிராம். மேலும், பெண்களுக்கான ஆய்விலேயே 65 வயதைக் கடந்தவர்களிடம் மாரடைப்பு குறைந்திருந்தது. ஆகவே, பால் வேறுபாடு என்று நாம் படித்ததில் மருந்தளவுக்கும் வயதுக்கும் எவ்வளவு பங்கு என்பதை இந்த இரண்டு ஆய்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. இருபாலாரையும் ஒரே ஆய்வில், ஒரே அளவில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே எழுந்திருக்காது.

அப்படிப் பார்க்காததற்கு ஒரு வரலாறு உண்டு. அது முழுக்கத் தீய எண்ணத்தின் வரலாறும் அன்று. கருவுற்ற தாய்மார் உட்கொண்ட தாலிடோமைடு மருந்தால் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்த அதிர்ச்சிக்குப் பின், கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்களை மருந்தாய்வின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1977-இல் அறிவுறுத்தியது. காக்க எழுப்பிய வேலி 1993 வரை நின்றது. ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் மருந்துக்கு வெளியே நிறுத்தப்படவில்லை என்பதுதான் அதன் முரண். ஆய்வில் கண்காணிப்போடு தரப்படாத மருந்து, சந்தைக்கு வந்தபின் கண்காணிப்பின்றித் தரப்பட்டது.

சோல்பிடெம் என்ற தூக்க மருந்து அமெரிக்காவில் 1992-இல் ஒப்புதல் பெற்றது. பெண்களுக்குப் பரிந்துரைக்கும் தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்குமாறு அதே நிர்வாகம் கூறியது 2013 சனவரியில். இரவில் 10 மில்லிகிராம் உட்கொண்டு எட்டு மணி நேரம் கழிந்த பின்னும், வண்டியோட்டும் திறனைப் பாதிக்கக்கூடிய அளவு மருந்து இரத்தத்தில் எஞ்சியிருந்தவர்கள் பெண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். ஆண்களில் 3 விழுக்காட்டினர். இந்த எண்களை நான் வகுப்பில் இருமுறை படிக்கச் சொல்வதுண்டு. முதல் வாசிப்பில், பெண்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு என்பது தெரியும். இரண்டாவது வாசிப்பில், நூறு பெண்களில் 85 பேர் அந்த அளவைத் தாண்டவில்லை என்பதும், மூன்று ஆண்கள் தாண்டினார்கள் என்பதும் தெரியும். பால் என்பது இங்கே ஒரு கைகாட்டி. அது ஊர் அன்று. உடல் மருந்தை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதே அடிப்படைக் கேள்வி. அதை நேரடியாக அளக்க வசதியில்லாத இடத்தில்தான் பால் நமக்கு உதவுகிறது. வழிகாட்டி நெறிகள் பெரும்பாலும் முதல் வாசிப்போடு நின்றுவிடுகின்றன. சில அந்த முதல் வாசிப்புக்கே வருவதில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டதே, பெண்களைச் சேர்க்காமல் ஆய்வு செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். சேர்ப்பது வேறு, தனித்துப் பார்ப்பது வேறு. ஆயிரம் பேர் கொண்ட ஆய்வில் இருநூறு பெண்களைச் சேர்த்து, எல்லோரையும் கலந்து ஒரே சராசரியைத் தந்துவிட்டால், அந்தச் சராசரி பெரும்பாலும் எண்ணூறு ஆண்களின் சராசரியே. இன்னொரு பிழை இதனினும் நுட்பமானது. ஆண்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது பலன் புள்ளியியல்படி உறுதியானது, பெண்களிடம் உறுதியாகவில்லை, ஆகவே இம்மருந்து ஆண்களுக்கே உரியது என்று எழுதிவிடுகிறார்கள். பெண்கள் நான்கில் ஒரு பங்காக இருக்கும்போது, மருந்து இருபாலாரிடமும் ஒரே அளவில் வேலை செய்தாலும்கூட, பெண்களின் முடிவு உறுதியற்றதாகத் தோன்றக்கூடும். எண்ணிக்கை போதாமையைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கேட்க வேண்டியது, ஆண்களிடம் கண்ட பலனுக்கும் பெண்களிடம் கண்ட பலனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக்கூடியதா என்ற கேள்வி. அதற்கென்று தனிச் சோதனை உண்டு. அது செய்யப்படாத ஆய்வை வைத்துக்கொண்டு "பால் வேறுபாடு இல்லை" என்று எழுதுவது தவறு. "பால் வேறுபாடு தேடப்படவில்லை" என்பதே நேர்மையான வாக்கியம். உங்கள் ஆவணங்களில் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்குகின்றன.

எண்ணை எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 64 தொடர் ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், நீரிழிவு இருப்பதால் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு பெண்களிடம் 2.82 மடங்காகவும் ஆண்களிடம் 2.16 மடங்காகவும் கூடுவதாகத் தெரிந்தது. பெண்ணுக்கு நீரிழிவு தரும் கூடுதல் பாதிப்பு பெரிது என்பது உண்மை. ஆனால் நடுவயதில் ஆணின் தொடக்க ஆபத்தே உயர்ந்தது என்பதால், மடங்கு குறைவாக இருந்தும் நோய்க்கு ஆளாகும் ஆண்களின் எண்ணிக்கை அதிகமாக இருக்கக்கூடும். மடங்கை மட்டும் சொன்னால் ஒரு பாலார் மறைந்துபோகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் சொன்னால் இன்னொரு பாலார் மறைந்துபோகிறார்கள். இரண்டையும் எழுத இரண்டு வரிதான் கூடுதலாகும்.

எந்த நாட்டு மக்கள் என்று எழுதக் கேட்டதற்கும் காரணம் சொல்ல வேண்டும். ஆண், பெண் விகிதத்தை இயற்கை வகுத்த மாறிலி போலப் பாடநூல்கள் எழுதிவிடுகின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் பல பத்தாண்டுகளில் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வில், இந்நோய் கண்ட பெண்களுக்கும் ஆண்களுக்குமான விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறி, மூன்றுக்கு ஒன்று என்பதையும் தாண்டியது. மரபணுக்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. வாழ்க்கைச் சூழலில் ஏதோ மாறியிருக்கிறது. கிழக்காசியாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகும் பெண்களில் பெரும்பாலோர் ஒருநாளும் புகைத்தறியாதவர்கள். மேற்கத்திய நாடுகளிலோ பெண்களின் அதே நோய்க்குப் புகைபிடித்தலே முதன்மைக் காரணம். பெண்கள் ஆண்களைவிட நீண்டநாள் வாழ்வது உலகெங்கும் காணப்படுகிறது, ஆனால் இடைவெளி ஓரிடத்தைப் போல் இன்னோரிடத்தில் இல்லை. உலகளவில் சுமார் ஐந்தாண்டுகளாக இருக்கும் அது, 1990-களின் நடுவில் ரஷ்யாவில் பதின்மூன்று ஆண்டுகளைத் தாண்டியது. அதில் மதுவின் பங்கு பெரிது. அது குரோமோசோம்களின் வேலையாக மட்டும் இருந்திருக்க முடியாது.

காசநோயிலும் இதே பாடம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2023-இல் காசநோய்க்கு ஆளான சுமார் 1 கோடியே 8 லட்சம் பேரில் 55 விழுக்காட்டினர் ஆண்கள், 33 விழுக்காட்டினர் பெண்கள், எஞ்சியோர் குழந்தைகள். புகை, மது, பணியிடம், மருத்துவரை நாடுவதில் தாமதம் என்று சமூகம் சார்ந்த காரணங்களும், நோயெதிர்ப்பாற்றலில் இருபாலாருக்கும் உள்ள வேறுபாடும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. ஒரு நாட்டில் எடுத்த விகிதத்தை இன்னொரு நாட்டின் வழிகாட்டி நெறியில் அப்படியே பெயர்த்து எழுதினால் இந்தப் பின்னல் கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

கவனிக்கப்படாமல் போவது பெண்கள் மட்டுமல்லர். எலும்புப்புரை பெண்களின் நோய் என்ற எண்ணம் வேரூன்றியதால், ஆண்களுக்கு எலும்பு அடர்த்திச் சோதனை அரிதாகவே பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்தபின் அடுத்த ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம்.

வேறுபாட்டை நெறிக்குள் கொண்டுவந்தாலும் வேலை முடிவதில்லை என்பதற்கு ட்ரோபோனின் சோதனை சான்று. மாரடைப்பை உறுதிசெய்ய உதவும் இந்தப் புரதம் நலமான பெண்களின் இரத்தத்தில் ஆண்களைவிடக் குறைவாகவே இருப்பதால், இருவருக்கும் பொதுவான வரம்பு வைத்தால் சில பெண்களின் இதயப் பாதிப்பு வரம்புக்குள் அடங்கி மறைந்துவிடும். ஸ்காட்லாந்தில் பத்து மருத்துவமனைகளில் 48,282 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பெண்களுக்கு லிட்டருக்கு 16 நானோகிராம், ஆண்களுக்கு 34 நானோகிராம் என்று தனி வரம்புகள் பயன்படுத்தப்பட்டன. அதனால் புதிதாக இனங்காணப்பட்ட பெண்களின் எண்ணிக்கை, அவ்வாறு இனங்காணப்பட்ட ஆண்களைப்போல் ஐந்து மடங்கு. ஆயினும் இதயத் தமனி நோய்க்கான சிகிச்சைகள் பெண்களுக்கு ஆண்களுக்குக் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதியளவே கிடைத்தன; பெண்களின் பின்விளைவுகளிலும் முன்னேற்றம் இல்லை. சோதனைக் கூடம் கண்டுபிடித்துச் சொன்னதை அடுத்து என்ன செய்வது என்று சொல்ல வேண்டிய இடம் உங்களுடையது.

கர்ப்பகாலத்தில் உயர் இரத்த அழுத்தத்தோடு கூடிய வலிப்பு முன்நிலை (ப்ரீஎக்லாம்ப்சியா) ஏற்பட்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் இருமடங்கு. இதய ஆபத்தைக் கணிக்கும் கருவிகள் பலவற்றில் அதைப் பற்றிய கேள்வியே இல்லை. ஹார்மோன் சிகிச்சை பெறும் திருநங்கையர், திருநம்பியர் ஆகியோருக்கு ஹீமோகுளோபினுக்கும் சிறுநீரகச் செயல்திறனுக்கும் எந்தப் பாலின் வரம்பைக் கொள்வது என்பதிலும் பெரும்பாலான நெறிகள் வாய்திறப்பதில்லை. ஹார்மோனால் மாறும் அளவுக்கு ஹார்மோன் நிலையையும், உடல் பருமனால் மாறும் அளவுக்கு எடையையும் கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து. படிவத்தின் ஒரு கட்டத்தில் இடும் குறி இவை அனைத்துக்கும் ஈடாகாது.

நான் கேட்பதற்குப் புதிய ஆய்வுகள் எதுவும் வேண்டியதில்லை. நீங்கள் ஏற்கெனவே படித்து எடைபோட்ட ஆய்வறிக்கைகளின் முதல் அட்டவணையில் ஆண், பெண் எண்ணிக்கை பெரும்பாலும் இருக்கும்; அதை உங்கள் பரிந்துரைக்குக் கீழே கொண்டுவாருங்கள். தனித்தனி முடிவு வெளியிடப்படாத இடத்தில் ஆய்வாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால், "பெண்களிடம் தனியே ஆராயப்படவில்லை" என்றோ "ஆண்களிடம் தனியே ஆராயப்படவில்லை" என்றோ அச்சிடுங்கள். அந்த வரி எத்தனை பரிந்துரைகளின் கீழ் வரப்போகிறது என்பதைக் காணவாவது, திருத்த முறை அடுத்து எந்த நெறிக்கு வந்தாலும் அதிலேயே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
மருத்துவப் புள்ளியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்