மரிக்கொழுந்துப் பாசி பிரித்த பிள்ளைக்கு

பாம்பன்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

போனில் பேசினால் "சரிம்மா, பார்க்கலாம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இப்போது மீன்பிடித் தடைக்காலம், அப்பாவின் விசைப்படகு ஜூன் 14 வரை கரையில்தான் கிடக்கும். பிளஸ் டூ மார்க்கும் காலேஜ் சேர்க்கையும் வருஷா வருஷம் இந்தக் காசில்லாத மாதங்களில்தான் வருகின்றன. அதை நினைத்து நீ எதையும் சுருக்கிக்கொள்ளாதே. பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நேற்று நீ சொன்னது என்னைத் தூங்க விடவில்லை. "பேர் இருக்கிற காலேஜா பார்த்து, எந்த குரூப் கிடைக்குதோ அதை எடுத்துக்கிறேன்" என்றாய். அண்ணனுக்கும் நாங்கள் இதைத்தான் செய்தோம். பஸ் ஸ்டாண்டில் பார்த்த போர்டை நம்பி, ஒரு தடவைகூட நேரில் போகாமல் பணம் கட்டினோம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை அவன். பாடம் முழுக்க ஆங்கிலம், புரியவில்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லை. பத்து மாதத்தில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். இன்றைக்கு மண்டபம் ஊரில் படகு இன்ஜினை ஓட விட்டால், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறான். அந்தக் கையை அன்றைக்கே கவனித்து பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். அது இன்னும் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

உன்னை நான் கவனித்திருக்கிறேன். ஏழு வயதில், நான் தீவுப்பக்கம் முங்கி எடுத்து வந்த கடல்பாசியை மணலில் கொட்டினால், மரிக்கொழுந்துப் பாசி ஒரு பக்கம், கஞ்சிப்பாசி ஒரு பக்கம் என்று வகை பிரிப்பாய். பாசிக்குள் சிக்கிய நண்டுக் குஞ்சுகளைச் சிரட்டையில் போட்டு எடுத்துப்போய்த் தண்ணீரில் விடுவாய். வெயில் ஏறினாலும் எழுந்திருக்க மாட்டாய். மண்டபம் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் மீன் அளக்கக் கரைக்கு வந்தால் அவர்கள் பின்னாலேயே திரிவாய். அப்புறம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஓடி வந்து, "அம்மா, லேபில் கிருமி வளர்க்க ஊற்றுகிற அகர் நீ எடுக்கிற மரிக்கொழுந்திலிருந்துதான் வருதாம்" என்றாய். விரலில் துணி சுற்றிக்கொண்டு இருபது வருஷம் அதைப் பாறையில் பறித்தவள் நான். எனக்கு அது தெரியாது. அன்றைக்கு உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை வேறு எந்தப் பாடத்துக்கும் நான் பார்க்கவில்லை.

தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாலு வருஷப் படிப்பு. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் அது வராது, நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்கு அங்கேயும் உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும்.

கடல்கரைப் பிள்ளை என்பதால் மீன் படிப்புதான் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை தாயி. கம்ப்யூட்டர்தான் பிடிக்கிறது என்றால் தாராளமாகப் படி. ஆனால் அதில் எது பிடித்தது என்று எனக்கு ஒரு வார்த்தை சொல். மாமா சொன்னார், கூடப் படித்தவள் எடுத்தாள் என்பதை நான் ஏற்க மாட்டேன். இன்னொன்று, நீயும் அண்ணன் மாதிரிதான், கூட்டத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்படுவாய். வாத்தியார் பக்கத்தில் நின்று கையால் செய்து பார்க்கிற இடத்தில்தான் உனக்கு வாய் வரும். எந்தக் காலேஜாக இருந்தாலும் இரண்டாம் வருஷப் பெண்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசு. லேபில் சாமானைத் தொட விடுகிறார்களா, இல்லை ஒருவர் செய்ய மற்றவர்கள் நோட்டில் வரைகிறார்களா என்று கேள். சாயங்காலம் ஆறு மணிக்கு லைப்ரரி திறந்திருக்கிறதா, ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறதா என்று நீயே பார். இது எதையும் போர்டில் எழுதி வைக்க மாட்டார்கள்.

புதன்கிழமை வேலைநாள், அந்தக் காலேஜை நேரில் போய்ப் பார்ப்போம். சித்தியைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து நேரே தூத்துக்குடி பஸ் ஏறு. நான் சாயல்குடி வழியாக வந்துவிடுகிறேன். மார்க் ஷீட் ஜெராக்ஸ் இரண்டு செட் எடுத்துக்கொள். மத்தியானத்துக்குச் சோறும் கருவாட்டுத் தொக்கும் கட்டிக்கொண்டு வருகிறேன், கடையில் எதுவும் வாங்காதே. அதுவரை மாமா கேட்டால் எந்தக் காலேஜ் லிஸ்ட்டுக்கும் ஓகே சொல்லிவிடாதே.

உன் அம்மா