வாணிக்கு, அப்பா எழுதுவது

வாணி கண்ணு,

போன ஞாயிறும் நீ போனை எடுக்கவில்லை. சரி, வேலை இருந்திருக்கும். எடுத்தாலும் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். கோகி அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான். புரட்டாசி என்பதால் வீட்டில் பருப்பும் கத்தரிக்காயும்தான், உன் அண்ணன் வெளியே எங்கேயோ மட்டன் கறி சாப்பிட்டுவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவன் மாதிரி விளக்குக்கு முன்னால் உட்காருகிறான்.

அத்தை ஒன்று சொன்னாள். பட்டத்துக்கு மேலே நீ ஹானர்ஸ் படிப்பு சேரப்போகிறாயாம், அதற்கும் 60,000 ராண்டு பேங்கில் கடன் கேட்டிருக்கிறாயாம். அத்தைக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

படிக்காதே என்று நான் சொல்லவில்லை. அதை முதலில் மனதில் வை. ஹெச்ஆர், அதாவது ஆள் நிர்வாகம், என்றால் என்ன என்று இந்த வீட்டில் உனக்கு முன்பே தெரிந்தவன் நான், மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தெரிந்துகொண்டது. எங்கள் ஃபேக்டரி கட்டிங் ரூமில் ஆள் குறைத்தபோது, நம் தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் 189ஆம் பிரிவு ஆள்குறைப்பு நோட்டீஸைக் கொண்டுவந்த பெண்ணுக்கு இப்போதைய உன் வயதுதான் இருக்கும். கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் யாருக்கு எத்தனை வருஷ சர்வீஸ், வருஷத்துக்கு ஒரு வாரக் கூலி வீதம் எவ்வளவு, எடுக்காத லீவுக்கு எவ்வளவு என்று ஒருத்தர் கணக்கிலும் தப்பில்லாமல் எழுதி வந்திருந்தாள். மேனேஜர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. தொழிலாளர்கள் பக்கம் பேசும் ஷாப் ஸ்டூவர்டாக அவளோடு மூன்று மணி நேரம் சண்டை போட்டேன், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவளைப் பற்றி நல்லபடியாகச் சொன்னேன். நீ ஹெச்ஆர் எடுத்தபோது மூர்த்தி மாமா ‘அக்கவுண்டிங் எடுத்திருக்கலாமே’ என்று முகத்தைச் சுளித்தார், நான் மட்டும் சந்தோஷப்பட்டேனே, அதற்குக் காரணம் அந்தப் பெண்தான்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. நீ சம்பளப் பட்டியல் போடக் கற்றவள், நானே போட்டுப் பார்த்தேன், தப்பிருந்தால் திருத்து. பட்டப்படிப்புக்கு வாங்கிய முதல் கடன் 180,000. வட்டி நூற்றுக்கு 11 என்று வைத்து ஐந்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் 3,900 சொச்சம் வருகிறது, வட்டி மட்டுமே மொத்தத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. இன்டர்ன்ஷிப் முடிந்து 14,000 ராண்டுக்கு ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் வேலை கிடைக்கிறது என்று வை. வரி ஏறக்குறைய 1,080, வேலையிழப்புக் காப்பீட்டுக்கான யூஐஎஃப் 140 போனால் கையில் 12,780. அதில் தவணை போக எண்ணாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். இந்த 60,000 சேர்ந்தால் மாதம் இன்னும் 1,300 போகும், ஏழாயிரத்து ஐந்நூறில் வந்து நிற்கும். ஜோஹன்னஸ்பர்க்கில் உன் ரூம் வாடகையும் டாக்ஸிக் கூலியும் எவ்வளவு என்று உனக்குத்தான் தெரியும், எனக்குச் சொன்னதில்லை.

ஹானர்ஸ் முடித்தவுடன் சம்பளம் ஏறும் என்று யார் எழுதிக்கொடுத்தார்கள்? வேலை விளம்பரங்களை நானும் பார்க்கிறேன். ரெண்டு வருஷ அனுபவம் வேண்டும், பேரோல் சாஃப்ட்வேர் தெரிய வேண்டும், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏவில் வழக்கு நடத்தியிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். வேலையை விட்டு எடுத்தால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவுக்குப் போக வேண்டும் என்பதை நீ யூனிவர்சிட்டியில் படித்தாய், அதற்கு வெகு காலம் முன்பே சாப்பாட்டு மேஜையில் என் வாயால் கேட்டிருக்கிறாய். முதலில் ஒரு நிரந்தர வேலையில் உட்கார். பிறகு கம்பெனியிடமே படிப்புச் செலவைக் கேள். சம்பளச் செலவில் நூற்றுக்கு ஒன்று திறன் வரியாகக் கட்டுகிறார்கள், ஆளைப் பயிற்றுவித்து முறையாகக் கணக்குக் காட்டினால் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும், இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிக்க வைத்தால் இத்தனை வருஷம் இங்கேயே இருக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்பார்கள், அதைப் படித்துவிட்டுப் போடு. அதுவும் வேண்டாமென்றால் தபால் வழிப் பல்கலைக்கழகமான யூனிசாவில் ஒவ்வொரு பாடமாகக் காசு கட்டிப் படிக்கலாம். மெதுவாகத்தான் முடியும், முடியட்டுமே, எங்கே ஓடுகிறது?

அம்மாவின் நர்ஸ் சம்பளமும் என் கூலியும் சேர்ந்து வருஷத்துக்கு 350,000 என்ற எல்லையை ஒரு முழம் தாண்டியதால்தான் அரசாங்கப் படிப்பு உதவியான என்எஸ்ஃபாஸ் உனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே ஃபேக்டரி மூடிக்கொண்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நீ ஒரு பாடம்கூட விடாமல் முடித்தாய், பட்டமளிப்பு அன்றைக்கு அம்மா அந்தப் பச்சைப் புடவையை விமானப் பயணம் போகிறவள் மாதிரி நாலு நாள் முன்பே இஸ்திரி போட்டு வைத்தாள். கீழ்வீட்டுப் பையனுக்கு ஃபீஸ் பாக்கி என்று இன்னும் சர்டிபிகேட்டைக் கொடுக்கவில்லை, உனக்கு அந்த நிலைமை வரவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. பெருமைப்படுகிறவனிடம் போனை எடுக்காமல் இருப்பது நியாயமா என்று நீயே சொல்.

இன்னொரு கடன் வேண்டாம். ஹானர்ஸ் எங்கேயும் போகாது.

அப்புறம், ஜாமீன் கையெழுத்து என்னுடையது என்பதால் பேங்க் மெசேஜ் என் போனுக்கும் வருகிறது. உன் கணக்கில் பணமில்லாமல் டெபிட் ஆர்டர் திரும்பிவிட்டது என்று போன மாதம் வந்தது, இந்த மாதமும் வந்தது. போன மாதத்து வட்டி 1,650ஐ நான் கட்டிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. கோபமில்லை, அப்படியும் சொல்ல முடியாது, கொஞ்சம் இருக்கிறது. பணம் இல்லாததற்கு இல்லை, ஒரு வார்த்தை சொல்லாததற்கு. இன்டர்ன்ஷிப் முடியும்வரை வட்டி மட்டும் கட்ட விடுவார்களா, அதையும் கொஞ்சம் குறைத்துத் தருவார்களா என்று பேங்குக்கு நேராகப் போய்க் கேள், அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காதே. நாமாகப் போனால் பேச்சு ஒரு மாதிரி இருக்கும், அவர்கள் கூப்பிட்டால் வேறு மாதிரி இருக்கும், ஷாப் ஸ்டூவர்டாக இருந்தவன் சொல்கிறேன். கடன் ஆலோசகரிடம் போவது கடைசி வழி. அங்கே பதிந்துவிட்டால் அது தீரும்வரை வேறு எந்தக் கடனும் வாங்க முடியாது.

தீபாவளிக்கு எங்களுக்கு ஒன்றும் அனுப்பாதே. பஸ் டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன், வந்துவிடு. பேங்கிலிருந்து வந்த கடிதங்களையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, என் நம்பருக்கு அனுப்பு, குடும்ப குரூப்பில் போட்டுவிடாதே.

அப்பா