கொடியேறும் முன்னரே முடிவெடுக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

கோவிட் தொடர்பான உலகளாவிய அவசரநிலையை 2023 மே 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் விலக்கிக்கொண்டதோடு யாழ்ப்பாணத்தில் நாங்களும் அந்தக் கதையை முடித்துவிட்டோம். கோயில் வாசல்களில் அன்று கட்டிய கைகழுவும் தொட்டிகள் சில இன்னும் கிடக்கின்றன. எங்கள் ஊரில் ஒன்றில் செவ்வரத்தை நட்டிருக்கிறார்கள். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆடியும் ஆவணியும் வரும், கொடியும் ஏறும். ஆகவே ஆலய பரிபாலன சபைகள் முற்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டியவை சிலவற்றை, அத்தகைய சபையொன்றின் செயலாளராக இருந்து தவறு செய்தவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

2021 ஆடியில் எங்கள் ஆலயத்தின் பத்து நாள் மகோற்சவத்துக்குக் கட்டுப்பாடுகளுடன் அனுமதி கிடைத்தது. வாசலில் சவர்க்காரம், காய்ச்சல் பார்க்கும் கருவி, பெயர் பதியும் கொப்பி எல்லாம் ஒழுங்காக வைத்தோம். வெளிவீதியில் ஒரு மீற்றர் இடைவெளிக்குச் சுண்ணாம்பால் வட்டமும் போட்டோம். தேரன்று சோளகக் காற்று புழுதியை வாரி இலைகளில் கொட்டியதால், பந்தலில் கொடுக்கவிருந்த அன்னதானத்தை மடத்துக்குள் மாற்றி யன்னல்களைச் சாத்தினோம். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டார்கள். பருப்பு வாளியோடு பந்திக்கு நடுவே நடந்த எனக்கு மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து வழி தெரியவில்லை. ஆவி வெளியேற வழியில்லாத இடத்தில் அத்தனை பேருடைய மூச்சும் அங்கேயேதான் சுற்றும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த கிழமை, பரிமாறியவர்களில் மூவர் காய்ச்சலில் படுத்தார்கள். மடத்தில்தான் தொற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தொற்றுவதற்கு வேண்டிய வசதியைச் செய்து கொடுத்தவர்கள் நாங்கள். எங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய காற்றையே யன்னலைச் சாத்தி வெளியே நிறுத்தினோம்.

கோவிட் தொற்றிய ஒருவர் அறிகுறி தெரிவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்னரே பிறருக்கு அதைப் பரப்பக்கூடியவர் என்பதால், வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவி பெரும்பாலும் மன ஆறுதலுக்குத்தான் உதவும். வாசலில் கவனிக்க வேண்டியதைவிட உள்ளே கவனிக்க வேண்டியவை அதிகம்: மூடிய இடம், நெருக்கம், உரத்த குரல். பலர் சேர்ந்து ‘அரோகரா’ சொல்வதை வீதியில் காற்று பார்த்துக்கொள்ளும். அதையே உள்மண்டபத்தில் சொன்னால் நிலைமை வேறு. கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றிருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 420 பங்கு) காட்டும். மண்டபத்துக்குள் 800 ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று கொள்ளலாம். பிரதேச சபைக்கு ஒன்று இருந்தாலும் போதும். குளிரூட்டிய கலியாண மண்டபங்களிலும் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை நடக்கும் வீடுகளிலும் அதற்கு நிறைய வேலையிருக்கும்.

எங்கள் திருவிழாக்களுக்கேயுரிய சிக்கல் வேறொன்று. கொடி ஏறிவிட்டால் அது இறங்கும்வரை கிரியைகளை இடையில் நிறுத்தக்கூடாது என்று குருக்கள்மார் சொல்வர். ஆகையால் தொற்று கூடினால் எதை விடுவது என்ற முடிவைக் கொடியேற்றத்துக்கு முன்னரே எடுத்து, சபைக் கூட்டத்தில் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். குருக்களும் திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் சிலரும் நின்று நிறைவேற்றக்கூடியவை தொடரட்டும். முதலில் இசைக் கச்சேரியும் கடைகளும், அடுத்து அன்னதானம், அதன் பிறகு காவடியும் வடம் இழுக்கக் கூடும் கூட்டமும் என்று கைவிடும் வரிசை ஒன்று எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால், கனடாவிலிருந்து வந்து நிற்கும் உபயகாரரிடம் ‘உங்கள் உறவினர் நாற்பது பேரையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்’ என்று அன்று காலையில் எந்தச் செயலாளர் சொல்லப்போகிறார்? நான் சொல்லவில்லை.

நாள்களின் எண்ணிக்கையையும் எவரும் கணக்கெடுப்பதில்லை. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் வரை எடுக்கலாம். நல்லூரின் 25 நாள் திருவிழாவில் முதல் வாரத்தில் பரவியது தேருக்கு முன்னரே தெரியவரும். கேட்டறிந்து இறுக்கிக்கொள்ளக் காலமுண்டு. பத்து நாள் ஆலயங்களில் பல வேளைகளில் கொடி இறங்கிய பின்னர்தான் செய்தி வரும். ஆகவே சிறிய ஆலயங்கள்தான் தொடக்கத்திலிருந்தே கூடிய கண்டிப்புடன் நடக்க வேண்டும். நடைமுறையில் இருந்ததோ இதற்கு நேர்மாறு.

2020 மார்ச் 15 இல் அரியாலையில் நடந்த கிறிஸ்தவ ஆராதனையோடு யாழ்ப்பாணத்தின் முதல் தொற்றுகள் தொடர்புபட்டபோது, நாங்கள் அதை ஒரு சமயத்தவரின் குற்றமாகப் பேசினோம். அந்த ஆராதனை நடந்தபோது, பெருந்தொற்று என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்பு வந்து நான்கு நாள்களே ஆகியிருந்தன. ஓராண்டின் பின் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் தொற்று கண்டறியப்பட்டபோது எந்தச் சமயத்தைக் குறை சொல்வது என்று தெரியாமல் நின்றோம்.

அனுமதிக் கடிதத்தோடு ஒரு பக்கப் படிவத்தையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் கேட்டுப் பெறலாம். வீதியின் நீள அகலம், மடத்தில் திறக்கக்கூடிய யன்னல்கள், கைவிடும் வரிசை, அதை அறிவிக்கும் பொறுப்பு யாருக்கு என்பன அதில் இருந்தால் போதும். எங்கள் சபையின் கடந்த கூட்டத்தில் இதை முன்வைத்தேன். மடத்து யன்னல்களுக்குப் புழுதி தடுக்கும் வலை அடிக்கப் பணம் ஒதுக்கினார்கள். மற்றவற்றை ‘வரும்போது பார்ப்போம்’ என்று ஒத்திவைத்தார்கள்.

இப்படிக்கு,
ஆலய பரிபாலன சபையொன்றின் முன்னாள் செயலாளர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.