மோர்கானா எப்போது கெட்டவளானாள்?

ஆசிரியருக்கு,

ஆர்தர் மன்னர் கதையை மறுபடி சொன்ன பிபிசியின் ‘மெர்லின்’ (2008–2012, 65 பகுதிகள்) தொடரை நம்மூர் சரித்திரத் தொடர் எழுதுவோர் ஒருமுறை பார்ப்பது நல்லது, அது சறுக்கிய இடத்துக்காகவே.

மந்திரம் தெரிந்தவர்களைக் கொல்லும் ஊதர் மன்னரின் அரவணைப்பில் வளர்பவள் மோர்கானா. தனக்கே அந்தச் சக்தி இருப்பது தெரிந்து நடுங்குகிறாள். மருத்துவர் கையஸ் உண்மையை மறைத்துத் தூக்க மருந்து தருகிறார். தானும் மந்திரவாதியான நாயகன் மெர்லினும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் சீசன் முடியும் தறுவாயில் அவளுக்கு விஷமே வைக்கிறான். எவ்வளவு நியாயமான கோபம்! ஆனால், மூன்றாம் சீசன் ஓராண்டைத் தாண்டிக் குதிக்கிறது. திரும்பி வருபவள் உதட்டோரம் சிரிக்கும் முழு வில்லி. அவள் மாறிய அந்த ஓராண்டு திரையில் இல்லை.

தெருக்கூத்தில் துகிலுரிதலைக் காட்டாமல் பாஞ்சாலி சபதத்துக்குப் போகமாட்டார்கள். மனமாற்றத்துக்குக் குறைந்தது மூன்று காட்சிகள் தேவை: தயங்குவது, செய்துவிட்டு வருந்துவது, வருந்தாமலே செய்வது. நடுக்காட்சியை வெட்டினால் மிஞ்சுவது மேக்கப்தான். நம் தொடர்களிலோ முதல் காட்சியும் கிடையாது. கண்மை தடித்தால் வில்லி!

— நாடக ஆர்வலர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.