ஏழாம் அறைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மழையில் இடிந்த நம் செங்கல் சூளையின் ஏழாம் அறையில், கூரை வளைவின் மிச்சம் இப்போது முட்டுகளின் மேல் நிற்கிறது. மற்ற அறைகள் அசையவில்லை. அந்த இரவு எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி கிரையான் பெட்டியோடு வந்த அம்மாவுக்கு. விழுந்த கற்களை அள்ளிக் குவித்துவிட்டால் அது வெறும் இடிபாடு. ஜெர்மானியரான ஹாஃப்மன் 1858இல் காப்புரிமை பெற்ற இந்த வகை வட்டச் சூளையில் பச்சைக்கல், அதாவது இன்னும் சுடாத செங்கல், இருந்த இடத்திலேயே இருக்கும், தீதான் அறை அறையாகச் சுற்றி வரும். அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்த வளைவுக் கல்லின் முகத்தில் சாம்பல் உருகிக் கண்ணாடிபோல் படிந்திருக்கும். அந்தப் பளபளப்பு எது அடிப்பக்கம் என்று காட்டிவிடும். எந்த வரிசைக் கல் என்பதை ஊகிக்க, அது விழுந்து கிடக்கும் இடம் ஒன்றுதான் துணை. ஆகவே தூக்குமுன் எண் போட்டாக வேண்டும். சாக்பீஸ் ஈரக்கல்லில் பிடிக்கவில்லை. பிடித்த கொஞ்சமும் தூறலில் கரைந்தது. எல்லாரும் விழித்துக்கொண்டு நிற்கையில் அவர் தன் பிள்ளையின் மெழுகுக் கிரையான்களை நீட்டினார். துணியால் ஒற்றிவிட்டு, தீ படாத மேல்முகத்தில் வரிசைக்கு ஓர் எழுத்து, இடத்துக்கு ஓர் எண். அந்த முகம் மறுபடி மண்ணுக்கடியில் மறைந்துவிடும். காரை பிடிக்கவேண்டிய பக்கமும் அல்ல.

முட்டு மரம் தந்தவர்கள், விடிய விடியத் தார்ப்பாய் பிடித்தவர்கள், உப்பு தட்டியவர்கள், எல்லாருக்கும் நன்றி. நிலக்கரி போடும் துளைகள் வழியாகத்தான் நீர் இறங்கியிருக்கிறது. மேலே நிரப்பிய மண் ஊறினால் கனம் கூடி, வளைவு பக்கச்சுவரை வெளியே தள்ளும். இனி மழைக்கு முன் ஒவ்வொரு துளை மூடியையும் கையால் தொட்டுப் பார்ப்போம். சுவரில் பூக்கும் வெள்ளை உப்புக்கு உலர்ந்த தூரிகை மட்டும் போதும். தண்ணீர் விட்டால் கரைந்து உள்ளேயே போய்விடும்.

சிமெண்ட் மூட்டைகள் இறக்கியவர் வருந்த வேண்டாம், அவை நடைபாதைக்கு உதவும். வளைவுக்கு ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சிமெண்ட் ஈரத்தை அடைத்துவிடும்; பிறகு அந்த ஈரம் கல் வழியே வெளியேறும்போது உப்பு கல்லின் தோலை உரித்துவிடும்.

அம்மா, பெட்டி அலுவலக மேசையில் இருக்கிறது. நீலமும் வெள்ளையும் தீர்ந்துவிட்டன, புதிது வாங்கி வைத்திருக்கிறோம். சிவப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. செங்கல்லில் அது தெரியவில்லை.