விரல் பலகை வாங்குவதற்கு முன்

மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பாப்பாவுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறார்.

பாறையேற்றத்தில் 6ஏ என்ற கடினத் தரத்தைத் தாண்ட முடியவில்லை, விரலில் வலு போதவில்லை, வாசற்படிக்கு மேலே விரல் நுனியால் தொங்கிப் பழகும் விரல் பலகை மாட்டித் தொங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக மாட்டு. ஆனால் உன் குறை விரலில் இல்லை என்பதுதான் என் கட்சி.

நீ அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காலைத் தூக்கும்போதே உன் கண் அடுத்த கைப்பிடிக்குப் போய்விடுகிறது. கால் பாறையில் உரசி, வழுக்கி, மறுபடி இடம் தேடுகிறது. அதுவரை உடம்பின் பாரம் முழுக்கக் கையில். இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் முன்கையில் ரத்த ஓட்டம் தடைபட்டு, விண்ணென்று ஊதி, விரல் தானாகத் திறந்துகொள்ளும். ஷூ நுனி சரியான இடத்தில் உட்காரும் வரை கண்ணை எடுக்காதே. சுலபமான ஏற்றங்களில், காலைச் சத்தமே வராமல் வைத்துப் பழகு.

இதற்கு பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரா பாறைச் சரிவுகளை மிஞ்சிய வாத்தியார் கிடையாது. அந்த கிரானைட்டில் பல இடங்களில் கைக்கு ஒன்றும் சிக்காது. குதிகாலைத் தாழ்த்தி, ஷூ ரப்பரைப் பாறையில் அப்பி நின்றாக வேண்டும். பயத்தில் குதிகாலைத் தூக்கினாயோ, போச்சு. முன்னால் சாய்ந்த சுவரில் கணக்கு வேறு: கையை நீட்டித் தொங்கு, இடுப்பைத் திருப்பிப் பாறையோடு ஒட்டு.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. பாறையில் அடித்து, கயிறு மாட்டும் போல்ட்டைத் தாண்டியதும் நீ ஏறுவதில்லை, பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாய். விழுந்து பழகாதவர்கள் எல்லோரும் இப்படித்தான். கீழே நின்று கயிறு பிடிக்கும் நல்ல பிலே ஆளை வைத்துக்கொண்டு, கீழே திட்டு எதுவும் நீட்டிக்கொண்டிருக்காத இடத்தில், கடைசி போல்ட்டுக்குக் கொஞ்சம் மேலிருந்து வேண்டுமென்றே விழு. பிறகு சிறிது சிறிதாக உயரத்தைக் கூட்டு. நம்மைப் போன்ற வார இறுதி ஆட்களுக்குப் பலகையைவிட இதில்தான் பலன் அதிகம்.

பலகையில் தொங்கியே தீருவேன் என்றால், விரலை மடக்கி இறுக்கும் கிரிம்ப் பிடி வேண்டாம், விரல் விரிந்த பிடியே போதும். தசை சீக்கிரம் பலப்படும். தசைநாருக்கும் அதை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் வளையங்களுக்கும் நாள் பிடிக்கும். விரலின் அடிப்பகுதியில் உள்ள வளையத்துக்குக் கிரிம்பில்தான் பாரம் அதிகம். மோதிர விரலில் அது அறுந்தால், சிலருக்குச் சத்தமே கேட்குமாம். அப்புறம் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு அடங்கியதும் பாயாமல், நாலைந்து நிமிடமாவது உட்கார்.

டிசம்பர் கடைசியில் வட கர்நாடகத்துப் பாதாமிக்குப் போகலாமா? வெயில் தாழ்ந்திருக்கும். அந்தச் சிவந்த மணற்கல்லில் குறுக்கு வரிகள் ஓடுவதால் கைக்கு நல்ல பிடி கிடைக்கும். அதனாலேயே காலை மறந்துவிடுவோம், அதைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். நம் நாட்டுப் பாறையேற்ற வீரர் துஹின் சாதார்கர் ஏறிய, 8பி+ தரத்து ‘கணேஷா’ பாதையையும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம், அதற்குக் காசா பணமா.

கயிறும், அதை போல்ட்டில் மாட்டும் குயிக்டிராவும் என்னிடம் உண்டு. உன் இடுப்புப் பட்டை ஹார்னஸின் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, லீவு கிடைக்குமா என்பதையும் எழுது. ரயில் டிக்கெட் போட வேண்டும்.

உன்,
பங்காளி