பந்து எங்கே விழுந்தது என்று பார்க்காதே, கலா

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது யார் துணையும் இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்திருக்கிறாள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடற்திறன் சோதனை வைத்துப் பதிவு செய்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்திறன் சோதனையில் 5 முதல் 8 வயது வரை உயரம், எடை பார்க்கிறோம். ஒற்றைக்காலில் 60 விநாடி நிற்கவைக்கிறோம். இரண்டு வட்டங்களை மாறி மாறி 25 சுற்று தட்டச் சொல்லி நேரம் எடுக்கிறோம். நல்ல சோதனைகள்தான். ஆனால் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு எண். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அந்த எண் சொல்லாது.

அதனால் நான் டேல் உல்ரிச் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் டி.ஜி.எம்.டி. முறையையும் சேர்த்துக்கொள்கிறேன். ஓட்டம், தாவல், எறிதல் மாதிரி பெரிய உடல் அசைவுகள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பார்க்கும் சோதனை அது. 1985-இல் வந்தது, இப்போது மூன்றாம் பதிப்பு. 3 முதல் 10 வயதுக்கானது. ஓடுவது, நொண்டியடிப்பது, தாண்டுவது, பந்து பிடிப்பது, உதைப்பது என்று 13 திறன்கள். எவ்வளவு தூரம், எத்தனை விநாடி என்ற கணக்கே கிடையாது. உடம்பு எப்படி அசைகிறது என்பதுதான் கணக்கு.

தோளுக்கு மேலாகக் கையை வீசி எறிவதை எடுத்துக்கொள். சுவரிலிருந்து 20 அடி தள்ளி ஒரு கோடு, கையில் டென்னிஸ் பந்து. நான்கே நான்கு விஷயங்கள் பார்க்க வேண்டும். கை கீழே இறங்கிப் பின்னால் சுழன்று வருகிறதா? இடுப்பும் தோளும் திரும்பி, எறியாத பக்கம் சுவரைப் பார்க்கிறதா? எறியும் கைக்கு எதிர்க்கால் முன்னால் வருகிறதா? பந்து போன பிறகு கை உடம்பைக் கடந்து எதிர் இடுப்பு வரை வருகிறதா? இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நீ ஒருமுறை செய்து காட்டு, அவர்கள் ஒருமுறை பழகட்டும், அப்புறம் இரண்டு முறைக்கு மதிப்பெண் போடு.

என் வகுப்பில் ஒரு பெண் வலது கையால் எறியும்போது வலது காலையே முன்வைப்பாள். பந்து பாதி வழியில் விழும். பலம் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடது பாதம் வைக்க வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு பாதம் வரைந்துவைத்தேன். சில வாரங்களில் பந்து சுவரில் அறைய ஆரம்பித்தது. பந்து விளையாட்டுகளில் பெண்பிள்ளைகள் பின்தங்குவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். மைதானத்தில் பந்து யார் கையில் இருக்கிறது என்று கொஞ்ச நேரம் கவனித்தாலே ஒரு காரணம் தெரிந்துவிடும்.

நொண்டியடிப்பதைப் பார்க்க உனக்குத் தனி ஏற்பாடே வேண்டாம், பாண்டி விளையாடும்போதே பார்த்துவிடலாம். தூக்கிய கால் ஊசல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி விசை கொடுக்க வேண்டும். அது அப்படியே விறைத்து நின்றால் பிள்ளை குதிக்கும், முன்னேறாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மற்ற பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்க விடாதே. யாராவது சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் முயற்சியே செய்யாது. இன்னொன்று, டி.ஜி.எம்.டி.யில் மதிப்பெண்ணை வயதோடு ஒப்பிடத் தரும் அட்டவணைகள் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் போட்டவை. நம் பிள்ளைகளுக்கு ரேங்க் போட அவற்றை எடுக்காதே.

அப்புறம், அடிக்கடி இடறி விழுகிறான், சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறான், கையெழுத்தும் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்தப் பையன். அவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல விடாதே. டி.சி.டி. என்ற உடல் அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடு பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்கும். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை முடிவு செய்வது நம் வேலை அல்ல. மூவ்மென்ட் ஏ.பி.சி. போன்ற அசைவுத்திறன் சோதனை தெரிந்த பிசியோதெரபிஸ்டிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ அனுப்பு, குழந்தை மருத்துவரும் பார்க்கட்டும். எதில் எப்போது திணறுகிறான் என்று நீ குறித்துக் கொடுத்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. அவன் அம்மாவிடம் தனியாக, பதமாகப் பேசு.

எறிவதற்கும் நொண்டிக்கும் நான் வைத்திருக்கும் தாளின் நகலை இதோடு அனுப்புகிறேன். இந்த இரண்டை மட்டும் முதலில் பார். மே விடுமுறையில் வரும்போது நிரப்பிய தாள்களைக் கொண்டு வா, சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
சாந்தி